கோம்பர் நாயில் மிக்சிங்கில் வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பிடித்துக்கொண்டு காரணத்துக்குப் போவது எப்படி

ஓ.இ. (ஓபன் எண்ட், அதாவது சுழலும் ரோட்டார் கிண்ணத்துக்குள் நூல் திரிக்கும்) மில்லில் நூல் அறுக ஆரம்பித்தால் முதலில் வெளியே வருவது ஸ்பேனர்தான். ரோட்டாரைக் கழற்றுவார்கள், நூல் வெளியே வரும் துளையான நேவலை மாற்றுவார்கள், வேகத்தைக் குறைப்பார்கள். புதுப் பஞ்சு ஓடும் மில்லில் இது பல நேரம் சரியாகவும் இருக்கும். கோம்பர் நாயில், அதாவது கோம்பிங்கில் சீவி ஒதுக்கிய குட்டை நார், ஓடும் இடத்தில் அப்படியில்லை. கோளாறு பெரும்பாலும் லாரியிலேயே வந்து இறங்கிவிடுகிறது. அதனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் பேலைப் பாருங்கள் என்பதுதான் கீழே திரும்பத் திரும்ப வரும்.

எந்தப் பஞ்சைப் பற்றிப் பேசுகிறோம் என்பது முதலில் தெளிவாக இருக்கட்டும். கோம்பிங் மெஷினில் நிப்பர் என்ற கவ்வி, லேப் என்ற பஞ்சுப் படலத்தைப் பிடிக்க, வட்டச் சீப்பு அதன் நுனியைச் சீவுகிறது. நிப்பரின் பிடிக்குள் வராத குட்டை நாரும், நெப் என்ற சிறு நார் முடிச்சும், மிச்சமிருந்த தூசியும் சீப்போடு போய், பிரஷ் வழியாக உறிஞ்சப்பட்டுத் தனியே சேர்கின்றன. அதுதான் நாயில். 1845-ல் அல்சாஸ் பகுதியில் ஜோசுவே ஹைல்மான் கண்டுபிடித்த முறை. மெஷின் எவ்வளவோ மாறிவிட்டது, கவ்விச் சீவும் வேலை மாறவில்லை. 1967-ல் செக்கோஸ்லோவாக்கியாவின் பிடி 200 மெஷினோடு ரோட்டார் நூற்பு வணிகத்துக்கு வந்தது. அதன் பிறகுதான் இந்தக் குட்டை நாருக்கு ஒழுங்கான வேலை கிடைத்தது.

வேஸ்ட் என்று பொதுவாகச் சொன்னாலும் ஒவ்வொன்றுக்கும் வியாதி வேறு. கோம்பர் நாயில் சுத்தமானது, ஆனால் குட்டை. நாரைப் பிரித்துச் சீராக்கும் கார்டிங்கில் வரும் பிளாட் ஸ்ட்ரிப் நீளத்தில் பரவாயில்லை, நெப்பும் தூசியும் அதிகம். ப்ளோ ரூமிலும் கார்டின் லிக்கரின் உருளைக்குக் கீழேயும் விழும் டிராப்பிங்ஸ் குப்பையோடு வரும். வில்லோ என்ற குப்பை உதிர்க்கும் மெஷினில் அடித்த பிறகுதான் மிக்சிங் பக்கம் கொண்டுவர வேண்டும். மிக்சிங்கில் எது எத்தனை சதவீதம் என்பது கையில் இல்லாமல் கோளாறு தேட ஆரம்பித்தால் நாள் முழுக்கத் தேடலாம்.

அதனால் ஒரு பழக்கம் வேண்டும். ஒவ்வொரு லேடவுனிலும், அதாவது பேல்களை ஓட்டுவதற்கு வரிசையாகப் போடும்போது, எந்தப் பார்ட்டியின் எந்த லோடு, எத்தனை பேல், எந்த ஷிப்டில் போட்டது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். லோடுக்கு ஒரு கைப்பிடிப் பஞ்சைச் சீட்டோடு கவரில் போட்டு வையுங்கள். அந்த நூல் துணியாகிச் சாயம் போட்டு வரும்வரை கவர் இருக்கட்டும்.

எல்லா ரோட்டாரிலும் ஒரே சமயத்தில் அறுபடல் கூடுகிறது

ஒரு ஷிப்டில் திடீரென்று மெஷின் முழுக்கச் சிவப்பு விளக்கு எரிந்தால் அது ரோட்டார் பழுதே இல்லை. இருநூறு ரோட்டார் ஒரே மணி நேரத்தில் கெட்டுப்போகாது. மூன்று இடங்களைப் பாருங்கள்: லேடவுன் நோட்டு, ஈரப்பதம், கவுன்ட் (நூலின் மெல்லிசைச் சொல்லும் எண்; எண் கூடினால் நூல் மெல்லிசு).

முதலில் நோட்டு. புது லோடு ஏறியிருக்கிறதா? ஏறியிருந்தால் பழைய கவரையும் புதுப் பேலையும் பக்கத்தில் வைத்துக் கையால் நார் இழுத்துப் பாருங்கள். இரண்டு கைக்கும் நடுவே இழுத்து இழுத்து அடுக்கும்போது பழையது ஓரளவு சீராக அடுக்க வரும், புதியது தூளாக உதிரும். இந்த வேறுபாடு விரலுக்குத் தெரியும். எண்ணாக வேண்டுமென்றால் லேபில் குட்டை நார் சதவீதம் எடுக்கச் சொல்லுங்கள். அரை அங்குலத்துக்கு, அதாவது 12.7 மி.மீ.க்குக் குறைந்த நாரின் எடைப் பங்கு அது. கோவையில் 1956-லிருந்து இருக்கும் ஜவுளி ஆராய்ச்சி நிலையமான சிட்ராவில் கொடுத்தும் பார்க்கலாம்.

"அதே பார்ட்டி, அதே மில் சரக்குதான், ஆனாலும் ஓடவில்லை" என்ற பேச்சு இங்கேதான் வரும். பார்ட்டி மேல் சந்தேகப்படுவதற்கு முன்னால் ஒரு விஷயம். நாயிலின் நீளத்தை முடிவு செய்வது நாயில் விற்கும் மில்லின் கோம்பர் செட்டிங். அந்த மில் 80-ம் கவுன்டுக்கு ஓட்டும்போது 100 கிலோ லேப்பில் 20 கிலோவுக்கு மேல்கூட நாயில் எடுப்பார்கள். அவ்வளவு ஆழமாகச் சீவும்போது கொஞ்சம் நீளமான நாரும் சேர்ந்து வந்துவிடும். உங்களுக்கு அது யோகம். அதே மில் பனியன் நூலுக்கு மாறி 12, 14 சதவீதத்தோடு நிறுத்தினால், வருவது உண்மையான குட்டை நார் மட்டும்தான். பேல் அதே, சாக்கு அதே, பில் அதே. உள்ளே இருப்பது வேறு. அதனால் பார்ட்டியிடம் விலை கேட்கும்போதே "இப்போ என்ன கவுன்ட் ஓடுதுங்கண்ணா, நாயில் எத்தனை பர்சன்ட் எடுக்கறாங்க?" என்று கேட்டுவிடுங்கள். எந்தப் பஞ்சு என்பதையும் கேளுங்கள். டிசிஎச் 32, சுவின் மாதிரி மிக நீளமான பஞ்சில் வரும் நாயிலும், சங்கர் 6-ல் வரும் நாயிலும் ஒன்றல்ல. முதல் வகை நீளத்தில் நன்றாக இருக்கும். நார் மெல்லிசாகவும் இருப்பதால் நெப் கட்டவும் சுலபம்.

இரண்டாவது ஈரப்பதம். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை காற்று காய்ந்து கிடக்கும். குட்டை நார் அப்போது பஞ்சாகப் பறக்குமே தவிர ஒன்றோடொன்று ஒட்டாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக் காற்று வரும் மாதங்களில் நிலைமை தலைகீழ். டிபார்ட்மென்ட்டில் 55-லிருந்து 60 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று மீட்டரைப் பாருங்கள். அந்த மீட்டரையே ஈரத் துணி சுற்றிய தெர்மாமீட்டரோடு ஒப்பிட்டு எவ்வளவு நாள் ஆயிற்று என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான்.

மூன்றாவது கவுன்ட். இதில் கணக்கு பேசும். 10-ம் கவுன்ட் நூல் ஏறக்குறைய 59 டெக்ஸ், அதாவது ஒரு கிலோமீட்டருக்கு 59 கிராம். மைக்ரோனேர் (நாரின் தடிமன் அளவு) 4 உள்ள நார் என்றால், நூலின் குறுக்கே வெட்டினால் சுமார் 375 நார் இருக்கும். 20-ம் கவுன்டில் 188. 30-ல் 125. 40-ல் 94. ரோட்டார் நூற்புக்குக் குறுக்கே நூறு, நூற்றிருபது நாராவது வேண்டும். ஆக, 10-லும் 20-லும் நாயில் கூடினாலும் மெஷின் பொறுத்துக்கொள்ளும். 30-ல் பொறுக்காது, நாயில் பங்கைக் குறைத்துப் புதுப் பஞ்சைச் சேர்த்தே ஆக வேண்டும். வாங்குகிறவர் கேட்டார் என்பதற்காக 24-லிருந்து 30-க்கு ஏற்றிவிட்டு, அதே மிக்சிங்கை வைத்துக்கொண்டு ஃபிட்டரைத் திட்டுவது நியாயமில்லை.

இந்த மூன்றும் சரியாக இருந்தால் மட்டும் மெஷினுக்குப் போங்கள். முறுக்கைக் கொஞ்சம் ஏற்றுங்கள். டிவிஸ்ட் மல்டிபிளையர் (கவுன்டுக்கு ஏற்ற முறுக்கின் அளவு) 4.5-க்குக் கீழே இருந்தால் நாயில் மிக்சிங்குக்குப் போதாது. ரோட்டார் வேகத்தைக் குறையுங்கள். உற்பத்தி குறையும்தான். ஆனால் மணிக்கு மணி அறுந்து நிற்கும் மெஷினின் உற்பத்தியையும் கணக்குப் போட்டுப் பார்த்தால் வருத்தம் குறையும்.

சில ரோட்டாரில் மட்டும் திரும்பத் திரும்ப அறுகிறது

இது மெஷின் பிரச்சினை. அந்த பாக்ஸைத் திறந்து வரிசையாகப் பாருங்கள். ரோட்டார் பள்ளத்தில் தூசி வளையமாகப் படிந்திருக்கிறதா? நாரைப் பிரித்துவிடும் ஓபனிங் ரோலரின் பல் மழுங்கியோ வளைந்தோ நார் சுற்றிக்கொண்டிருக்கிறதா? ஃபீட் ரோலர் அழுத்தம் குறைந்திருக்கிறதா? நேவலில் கீறல் இருக்கிறதா? விரல் நகத்தால் தடவினாலே தெரியும். சக்‌ஷன் குழாயில் பஞ்சு அடைத்திருப்பதைப் பலர் கடைசியில்தான் பார்க்கிறார்கள். காற்று குறைந்தால் ரோட்டாருக்குள் நார் ஒழுங்காகப் போய்ச் சேராது.

ஓபனிங் ரோலர் வேகம் பற்றி ஒரு கருத்து வேறுபாடு எப்போதும் உண்டு. குப்பை அதிகமுள்ள டிராப்பிங்ஸ் மிக்சிங்குக்கு வேகம் வேண்டும். கோம்பர் நாயிலில் குப்பையே குறைவு. அங்கே நிமிடத்துக்கு 8,500 சுற்று வைத்து அடிப்பது இருக்கிற குட்டை நாரை இன்னும் வெட்டுவதில்தான் முடியும். நாயில் பங்கு முக்கால்வாசி இருந்தால் நான் 7,000 பக்கம் இறக்கிப் பார்க்கச் சொல்வேன்.

துணியில் அலை அலையாகப் பட்டை தெரிகிறது

நெசவுக்குப் போன நூல் மோரே (அலைப் பட்டை) என்று திரும்பி வந்தால், கறுப்பு அட்டையில் நூலைச் சுற்றி வெளிச்சத்தில் பாருங்கள். தடிப்பு ஒரே இடைவெளியில் திரும்ப வருகிறதா? வந்தால் ஸ்கேல் எடுங்கள். அந்த இடைவெளி ரோட்டாரின் சுற்றளவுக்கு ஏறக்குறைய சமமாக இருந்தால் காரணம் ரோட்டார் பள்ளத்தில் ஒரே இடத்தில் ஒட்டிக்கிடக்கும் குப்பை. 36 மி.மீ. ரோட்டார் என்றால் 11.3 செ.மீ., 40 என்றால் 12.6, 46 என்றால் 14.5. நூலின் சீரின்மையை அளக்கும் ஊஸ்டர் கருவியின் ஸ்பெக்ட்ரோகிராம் வரைபடத்தில் அதே நீளத்தில் புகைபோக்கி மாதிரி ஒரு கோடு நிற்கும்.

ரோட்டாரைச் சுத்தம் செய்தால் அன்றைக்குச் சரியாகும். இரண்டு நாளில் திரும்ப வந்தால் குப்பை எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். நாயில் மட்டும் ஓடினால் இவ்வளவு குப்பை வராது; மிக்சிங்கில் யாரோ பிளாட் ஸ்ட்ரிப்பையோ சரியாக அடிக்காத டிராப்பிங்ஸையோ கூட்டியிருப்பார்கள். விலை குறைவு என்று ஸ்டோரில் இருந்ததை எடுத்துப் போட்டிருப்பார்கள், நோட்டில் ஏறியிருக்காது. அப்புறம் ரோட்டாரின் பள்ளம் எவ்வளவு குறுகல் என்பதையும் பாருங்கள். குறுகிய பள்ளம் வலுவான நூல் தரும், ஆனால் தூசிக்குச் சீக்கிரம் அடிபணியும். அகலமான பள்ளத்தில் வலு சற்றுக் குறையும், தூசியைத் தாங்கும். கரூருக்குப் போர்வை நூல் ஓட்டுகிறவருக்கு இரண்டாவதே போதும்.

ஸ்லைவர் கேனிலேயே அறுகிறது, நூல் தடித்தும் மெலிந்தும் வருகிறது

ஸ்லைவர் என்பது கார்டிலிருந்து வரும் முறுக்கில்லாத பஞ்சுக் கயிறு. கார்டில் வெப், அதாவது நார்ப் படலம், தொங்கி விழுகிறதென்றால் நாருக்குள் பிடிப்பு இல்லை. படலத்தை எடுக்கும் டாஃபர் உருளையின் வேகத்தைக் குறையுங்கள், அதைக் கயிறாகக் குவிக்கும் ட்ரம்பெட்டின் துளையை ஒரு அளவு சிறிதாக்குங்கள். கேன் ஸ்பிரிங் மேலே தள்ளவில்லையென்றால் ஸ்லைவர் தன் எடையிலேயே நீண்டு மெலிந்துவிடும். புதுப் பஞ்சு ஸ்லைவர் தாங்குவதை நாயில் ஸ்லைவர் தாங்காது.

ஸ்லைவர்களைச் சேர்த்து இழுக்கும் டிராயிங்கில் தடிப்பு மெலிவு வந்தால் ரோலர் இடைவெளியைப் பாருங்கள். முன்பு நீளப் பஞ்சுக்கு வைத்த செட்டிங்கிலேயே நாயில் மிக்சிங்கை ஓட்டினால், இரண்டு ரோலருக்கும் நடுவே குட்டை நார் யார் பிடியிலும் இல்லாமல் மிதக்கும். மிதக்கிற நார் கூட்டமாகப் போகும், இல்லாவிட்டால் கூட்டமாகத் தங்கும். ஸ்பெக்ட்ரோகிராமில் இது கோடாக வராது. நாரின் சராசரி நீளத்தைப் போல இரண்டரை, மூன்று மடங்கில் ஒரு மேடாக வரும். மோரேயையும் இதையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க இந்த வேறுபாடு போதும். இடைவெளியைக் குறுக்குங்கள், பிரேக் டிராஃப்டை (முதல் இழுப்பை) குறையுங்கள். நாயில் அதிகமென்றால் இரண்டு தடவை டிராயிங் கொடுப்பது சமப்படுத்தும் என்று நினைக்க வேண்டாம். ஒரு தடவையே போதும். இரண்டாவது தடவையில் மிதக்கும் நாருக்கு இன்னொரு வாய்ப்புக் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

கரு நீலம் போட்டால் வெள்ளைப் புள்ளி

சாயப்பட்டறையிலிருந்து ஃபோன் வரும். வெளிர் நிறத்தில் பிரச்சினை இல்லை, கரு நீலம், கறுப்பு, மெரூனில் மட்டும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. காரணம் முதிராத நார். சீவும்போது குட்டை நாரோடு சேர்ந்து முதிராத நாரும் நெப்பாக நாயிலுக்குள் வந்து சேர்கிறது. அதில் செல்லுலோஸ் சுவர் மெல்லிசு. சாயம் ஏற இடமில்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தால் அந்தப் புள்ளி பளபளப்பான தட்டை நார்க் கட்டியாகத் தெரியும்.

கார்டிங்கில் கொஞ்சம் குறைக்கலாம். பிளாட்டுக்கும் சிலிண்டருக்கும் இடையே பத்து தௌ, அதாவது கால் மி.மீ. இருக்கிறதா, ஒயர் தீட்டி எவ்வளவு டன் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். நெப் குறையும், முதிராத நார் முதிராது. எனவே நல்ல வழி வியாபாரத்தில்தான் இருக்கிறது: நாயில் அதிகமுள்ள நூலை வெளிர் நிறத்துக்கும் வெள்ளைக்கும் மட்டும் விற்பது. கேட்கும் நிறம் கறுப்பு என்று முன்பே தெரிந்தால் முதிர்ந்த புதுப் பஞ்சைக் கூட்டி வேறு மிக்சிங் போடுவது. மெர்சரைஸ் (காஸ்டிக் சோடாவில் நனைத்துப் பளபளப்பாக்குவது) செய்தால் புள்ளி ஓரளவு மங்கும், ஆனால் பத்தாம் நம்பர் நூலுக்கு அந்தச் செலவை யார் கொடுப்பார்கள்?

ரோலரில் ஒட்டுகிறது, கார்டில் சுற்றுகிறது

அசுவினியும் வெள்ளை ஈயும் செடியில் விட்ட தேன் கழிவு பஞ்சோடு வந்திருக்கிறது. கை வைத்தால் தெரியாது, ரோலருக்குத் தெரியும். இது மட்டும்தான் ஈரப்பதத்தை ஏற்றாமல் இறக்க வேண்டிய கோளாறு. 50-க்குக் கீழே கொண்டுவந்தால் சர்க்கரை காய்ந்து பிசுபிசுப்பு குறையும். அந்த லோடை ஒரே நாளில் ஓட்டித் தீர்க்காமல், பத்து லேடவுனில் கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்புங்கள். ரோலரைத் துடைக்கத் தண்ணீர் நனைத்த துணி போதும். சர்க்கரை தண்ணீரில் கரையும்.

நூலில் கலர் நார், பிளாஸ்டிக் இழை

திருப்பூர்ப் பக்கம் இது தினப்படித் தலைவலி. பனியன் கட்டிங் வேஸ்ட்டைப் பிரித்து நாராக்கி நூற்பது இங்கே தனித் தொழிலாகவே நடக்கிறது. கலர் நார் கலந்த மெலாஞ்சு நூல் ஓட்டும் மில்லின் பக்கத்து லைனில் வெள்ளை ஓட்டினால் நான்கு சுவரும் தடுக்காது, நார் பறந்து வரும். எல்லா கலரும் கலந்து வந்தால் பறந்து வந்தது. ஒரே கலர் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் ஒரு குறிப்பிட்ட பேலுக்குள் இருந்தது. நோட்டைத் திறந்து எந்த லோடு என்று பாருங்கள்.

வெள்ளை இழை என்றால் கண்ணுக்குச் சிக்காது. சந்தேகப்பட்ட நாரை இடுக்கியில் பிடித்து எரித்துப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிந்த வாசத்தோடு எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டரும் பாலிபுரொப்பிலீனும் உருகிச் சுருண்டு கடினமான மணியாக உறையும். இரண்டில் எது என்று பார்க்க எரிக்காத இழையைச் சோப்புத் தண்ணீரில் அமுக்கி விடுங்கள்: பாலிபுரொப்பிலீன் மேலே மிதக்கும், பாலியெஸ்டர் மூழ்கும். மிதந்தால் சாக்குதான் குற்றவாளி. நாயிலைப் பிளாஸ்டிக் சாக்கில் அடைத்து, கத்தியால் கிழித்துக் கொட்டும்போது சாக்கின் இழை உள்ளே போகிறது. பருத்தித் துணியில் சுற்றிய பேல் வேண்டும் என்று கேளுங்கள். கிலோவுக்குக் கொஞ்சம் கூடக் கேட்பார்கள், கொடுத்துவிடலாம்.

எடை இடிக்கிறது

லாரி இறங்கும்போது சரியாக இருந்த எடை, மிக்சிங்கில் போடும்போது குறைகிறது. திருட்டு என்று வாட்ச்மேனைப் பிடிப்பதற்கு முன்னால் ஈரத்தை அளந்து பாருங்கள். பருத்திக்கு ஒப்புக்கொண்ட ஈரம் 8.5 சதவீத ரீகெய்ன். அதாவது காய்ந்த பஞ்சு 100 கிலோவுக்கு 8.5 கிலோ தண்ணீர். மொத்த எடையில் பார்த்தால் இது 7.83 சதவீதம். உங்களிடம் வந்த 100 கிலோவில் 10 கிலோ தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த பஞ்சு 90. அதற்கு நியாயமான எடை 90-ஐ 1.085-ஆல் பெருக்கினால் 97.65 கிலோ. நூறு கிலோவுக்கு 2.35 கிலோ தண்ணீரைப் பஞ்சு விலைக்கு வாங்கியிருக்கிறீர்கள். பத்து டன் லோடில் அது 235 கிலோ. பேலின் மேலே குத்தாமல், நடுவில் குத்தி அளக்க வேண்டும். தண்ணீர் தெளித்தவர் மேலே காயவிட்டிருப்பார்.

மருத்துவப் பஞ்சாகப் போன சரக்கு திரும்பி வந்தது

ராஜபாளையம், சத்திரப்பட்டி வட்டாரம் பேண்டேஜ் துணிக்குப் பேர் போனது. மருத்துவப் பஞ்சுக்கும் நாயிலுக்கு நல்ல கிராக்கி உண்டு. இதைக் கலப்படமாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இல்லை. மருந்துகளுக்கான தரப் புத்தகமான பிரிட்டிஷ் பார்மகோபியாவே உறிஞ்சும் பஞ்சைப் புது நார் அல்லது நல்ல தரமான புதுக் கோம்பர் (நாயில்) என்றுதான் வரையறுக்கிறது. புது என்ற சொல்லைக் கவனியுங்கள்: கட்டிங் வேஸ்ட்டும் துடைத்த பஞ்சும் அதற்குள் வராது.

திரும்பி வருவதில் பெரும்பாலானவை மூழ்காத பஞ்சுதான். மூழ்கும் சோதனை எளிது: 5 கிராம் பஞ்சைச் சின்னச் செம்புக் கம்பிக் கூடையில் வைத்துத் தண்ணீரில் விட்டால் 10 விநாடிக்குள் மூழ்க வேண்டும். மூழ்காவிட்டால் மெழுகு போகவில்லை. இயற்கையிலேயே பருத்தி நாரின் மேல் மெல்லிய மெழுகுப் படலம் உண்டு. கியர் என்ற மூடிய கொதிகலத்தில் காஸ்டிக் சோடாவோடு கொதிக்க வைப்பது அதை எடுக்கத்தான். காஸ்டிக் அளவு, கொதிநிலை, நேரம் எல்லாம் சரி என்று ஆபரேட்டர் சொன்னால் தண்ணீரைக் கேளுங்கள். கடினத் தண்ணீரில் சுண்ணாம்புச் சோப்பு உருவாகி நாரின் மேல் மறுபடி படியும். எவ்வளவு கொதித்தாலும் பஞ்சு மிதக்கும். மென்மையாக்கிய தண்ணீர் இல்லாமல் இந்தத் தொழில் இல்லை. கியரில் பஞ்சை அளவுக்கு மீறி அமுக்கி அடைத்தாலும் நடுவில் திரவம் ஓடாது. அப்போது ஒரே பேட்ச்சில் ஓரத்துப் பஞ்சு மூழ்கும், நடுப்பஞ்சு மிதக்கும். அந்த ஒரு அறிகுறியே காரணத்தைச் சொல்லிவிடும்.

மூழ்குகிறது, ஆனால் குறைவாகத் தண்ணீர் பிடிக்கிறதா? கிராமுக்கு 23 கிராம் தண்ணீராவது பிடிக்க வேண்டும். நார் மிகக் குட்டையாக இருந்தால் பஞ்சு அமுங்கிப் படிந்துவிடும், இடைவெளி இருக்காது. 12 சதவீதத்தோடு நிறுத்திய மில்லின் நாயிலை வாங்கியவருக்கு இது வரும்.

பிரித்தால் தூள் கொட்டுகிறதென்றால் பிளீச்சிங்கில் நார் செத்திருக்கிறது. பெராக்சைடு தொட்டியில் இரும்புத் துரு இருந்தால் அந்த இடத்தில் வினை வேகமெடுத்து நாரை அரித்துவிடும். துருப்பிடித்த குழாய், போல்ட் எங்கே என்று பாருங்கள். குலுக்கிய தண்ணீரில் நுரை நின்றால் சோப்புப் போக அலசவில்லை. இருட்டில் புற ஊதா விளக்கின் கீழே பளிச்சென்று நீலம் அடித்தால் கதை வேறு: வெண்மையூட்டி சேர்ந்த துணிக் கழிவு உள்ளே கலந்திருக்கிறது. அதற்கு மேல் கியரில் எதுவும் செய்ய முடியாது, அந்த பேட்ச் ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது.

இதே பிளாஸ்டிக், வெண்மையூட்டிப் பிரச்சினைக்காகத்தான் உயர்தரக் காகிதம் செய்பவர்களும் நாயில் பேலைத் திருப்பி அனுப்புவார்கள். நம் ரூபாய் நோட்டுக் காகிதமே பருத்தி நாரில் செய்வதுதான். மத்தியப் பிரதேசத்தில் முன்பு ஹோஷங்காபாத் என்று அழைக்கப்பட்ட நர்மதாபுரத்தில் 1968-லிருந்து அதற்கென ஒரு ஆலை இருக்கிறது. அந்த வகைக் காகிதத்துக்கு நார் நீளம் ஒரு பொருட்டில்லை, எப்படியும் வெட்டிக் கூழாக்குவார்கள். சுத்தம்தான் எல்லாம்.

மெத்தை கட்டி தட்டுகிறது

நாயிலில் துள்ளல் கிடையாது. இலவம்பஞ்சு மாதிரி காற்றடைத்த குழல் நார் இல்லை இது, அமுங்கினால் அமுங்கியதுதான். நாயில் மட்டும் அடைக்காமல் கொஞ்சம் நீளமான பஞ்சைச் சேர்த்துக் கார்டு செய்து, படலம் படலமாக அடுக்கி, நெருக்கமாகக் குஞ்சம் கட்டச் சொல்லுங்கள்.

பேலுக்குள் புகை

தீ தெரிந்த பிறகு செய்வதை எல்லோரும் அறிவார்கள். தெரியாத தீதான் ஆபத்து. ப்ளோ ரூமில் ஒரு ஆணி பீட்டரில் பட்டுப் பறந்த பொறி, பஞ்சுக்குள் புதைந்து மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. கருகல் வாசம் வந்தால், மிக்சிங்கைக் கிளறிக் காற்று விடாதீர்கள். லைனை நிறுத்துங்கள், சக்‌ஷனை நிறுத்துங்கள், அந்தக் குவியலைத் தனியே இழுத்து வெளியே கொண்டுபோன பிறகு தண்ணீர் விட்டுப் பிரியுங்கள். அணைந்துவிட்டது என்று நினைக்கும் பேலை அன்றைக்கே குடோனில் திரும்ப அடுக்கக் கூடாது. திறந்த இடத்தில் ஓரிரு நாள் கிடக்கட்டும். வேஸ்ட் மில்லுக்கு ஆணி, பட்டி, பாட்டில் மூடி எல்லாம் பேலோடுதான் வரும், அதனால் காந்தமும் பொறி கண்டறியும் கருவியும் அலங்காரப் பொருளல்ல. எண்ணெய் துடைத்த கந்தையை நாயில் குவியலின் பக்கத்தில் எறியும் பழக்கம் இருந்தால் அதை இன்றைக்கே நிறுத்துங்கள். எண்ணெய் பட்ட பஞ்சு தானே சூடேறக்கூடும்.

திங்கட்கிழமை நெஞ்சு அடைக்கிறது

கடைசியாக, ஆளுக்கு வரும் அறிகுறி. ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்கு வந்த சில மணி நேரத்தில் நெஞ்சை இறுக்குகிறது, இருமல் வருகிறது, செவ்வாய் புதனில் குறைந்துவிடுகிறது என்று மிக்சிங்கில் இருப்பவர் சொன்னால் சளி என்று விடாதீர்கள். பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயான பிசினோசிஸ் இப்படித்தான் தொடங்கும். பஞ்சுத் தூசியோடு வரும் பாக்டீரியாவின் நச்சுப்பொருள் இதில் பெரும் பங்கு வகிக்கிறது. வேஸ்ட் பிரிக்கும், வில்லோ அடிக்கும் இடத்தில் தூசி அதிகம் என்பதால் அங்கே வேலை செய்பவர்களை முதலில் கேளுங்கள். ஆரம்பத்தில் பிடித்து ஆளைத் தூசி குறைந்த இடத்துக்கு மாற்றினால் சரியாக வாய்ப்புண்டு. வருடக்கணக்கில் விட்டால் நுரையீரல் பழுது தங்கிவிடும். வில்லோவுக்கு மேல் சக்‌ஷன் ஹூட் வேண்டும். கூட்டுவதற்குத் துடைப்பத்துக்குப் பதிலாக உறிஞ்சும் மெஷின் வேண்டும். மூக்கில் கட்டும் கைக்குட்டை இந்த நுண்தூசியைத் தடுக்காது, அதற்கென்று உள்ள மாஸ்க்கைக் கொடுங்கள். டாக்டரிடம் அனுப்பும்போது என்ன வேலை என்பதைச் சீட்டில் எழுதி அனுப்புங்கள். 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே இது அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் இருந்தது. உறுதியானால் உரிய அதிகாரிக்கு எழுத்தில் போக வேண்டும்.